உங்களுக்கு என்ன வேணும்? – ஹீமோபிலியா சிகிச்சையில் சொந்த இலக்கை அளப்பது எப்படி

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிகளைச் சேர்ந்த ஹீமோபிலியா குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

நான் டாக்டர் இல்லீங்க. பாகூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன். பிறவியிலேயே ஹீமோபிலியா ஏ, தீவிர வகை. நாற்பது வயசு தாண்டியாச்சு. வலது முட்டி பாதி மடங்கினபடியே நிக்கும். இந்த முட்டியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வழக்கமா போற மருத்துவமனையில டாக்டர் என் டைரியைப் புரட்டிப் பார்த்தார். "நாலு மாசமா ஒரு ரத்தக்கசிவுகூட இல்லையே, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். நானும் "ஆமாங்க சார், நல்லா இருக்கேன்" என்றேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. கசிவு இல்லாததுக்குக் காரணம் மருந்து மட்டும் இல்லை. அந்த நாலு மாசமும் நான் நடக்கறதையே நிறுத்தியிருந்தேன். கடைக்கு யாராவது வண்டியில கொண்டுவந்து விடுவாங்க. போர்வெல் பக்கம் போய் குந்தி உட்கார்ந்து ஃபுட் வால்வு பார்க்கிற வேலையெல்லாம் பையனை அனுப்பிடுவேன். பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடறதையும் என் வீட்டுக்காரங்க பார்த்துக்கிட்டாங்க. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தா எங்கேயிருந்துங்க கசிவு வரும்?

டைரியில பூஜ்யம் இருந்தது. வாழ்க்கையிலயும் பூஜ்யம்தான் இருந்தது. அதை டாக்டர் கேட்கலை, நானும் சொல்லலை. கேட்கிறதுக்கும் சொல்றதுக்கும் ஒரு வழி இருக்கு என்பதை அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வழியைத்தான் உங்ககிட்ட பகிர்ந்துக்க வந்திருக்கேன்.

முதலில் நோயைப் பற்றி நாலு வார்த்தை

புதுசா வந்திருக்கிற குடும்பங்களுக்காகச் சொல்றேன். ரத்தம் உறைய உடம்பில் பல புரதங்கள் வரிசையாக வேலை செய்யணும். அதில் எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி. இந்தக் காரணியைத்தான் நாம எல்லாரும் 'ஃபாக்டர்' என்கிறோம். அளவு 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் தீவிரம், 1 முதல் 5 வரை நடுத்தரம், 5-க்கு மேல் 40 வரை லேசானது. ஏ வகை, ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு. அதனால "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்று மருமகளைக் குத்திக்காட்டுவதில் அர்த்தமே இல்லை.

அடிபட்டால் ரத்தம் வேகமாகக் கொட்டும் என்பது தவறு. நிற்க அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நமக்குப் பெரிய எதிரி வெளிக்காயம் இல்லை, மூட்டுக்குள்ளே நடக்கிற கசிவு. முட்டி, கணுக்கால், முழங்கை இந்த மூணும்தான் அதிகம் மாட்டும். திரும்பத் திரும்ப ஒரே மூட்டில் கசிந்தால் உள்ளே இருக்கிற சவ்வு தடித்து, குருத்தெலும்பு தேய்ந்து, கடைசியில் மூட்டு மடங்கியபடி இறுகிவிடும். என் முட்டி அப்படித்தான் ஆச்சு. நான் சின்னப் பையனா இருந்த காலத்தில் பிளாஸ்மா ஏற்றுவாங்க. ஃபாக்டர் பாட்டிலைக் கண்ணால பார்த்ததே பெரியவனான பிறகுதான். இப்போ கசிவு வந்தபிறகு போடாமல், வராமல் தடுக்க முறையாகப் போட்டுக்கொள்வதுதான் சரியான சிகிச்சை. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. அந்த வழிகாட்டியை எழுதிய குழுவின் தலைமை ஆசிரியர் நம்ம வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா.

எண்ணுவது எல்லாம் வாழ்க்கை ஆகுமா?

மருத்துவமனையில் நம்மை அளக்கிறதுக்கு நிறைய கணக்கு இருக்கு. ஃபாக்டர் எத்தனை சதவீதம், வருஷத்துக்கு எத்தனை கசிவு, எக்ஸ்ரேயில் மூட்டு எப்படி என்று. எல்லாமே தேவைதான். ஆனால் காலையில் எழுந்தவுடன் நாம நினைக்கிறது சதவீதத்தை இல்லையே. "இன்னைக்கு கழனிக்குப் போக முடியுமா? பந்தியில சம்மணம் போட்டு உட்கார முடியுமா?" இதுதானே நம்ம கணக்கு.

இந்தக் கணக்கையும் எழுத்தில் கொண்டுவரணும் என்று யோசித்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்காங்க. வேலூர் சி.எம்.சி.யில் உருவாக்கியது 'ஃபிஷ்' என்ற அளவுகோல். ஹீமோபிலியா உள்ளவர் அடுத்தவர் உதவியில்லாமல் எவ்வளவு செய்துகொள்கிறார் என்று பார்க்கிற மதிப்பெண் இது. எட்டு வேலைகள் உண்டு: சாப்பிட்டுத் தலைவாரிக்கொள்வது, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குந்தி உட்காருவது, நடப்பது, படி ஏறுவது, ஓடுவது. ஒவ்வொன்றையும் நேரில் செய்துகாட்டச் சொல்லி 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 8-லிருந்து 32 வரை. குந்தி உட்காருவது பட்டியலில் இருக்கிறதைக் கவனிங்க. நாற்காலி, மேசை என்று வாழ்கிற ஊரில் அது யாருக்கும் தோன்றியிருக்காது. கழனியும் கழிப்பறையும் தெரிந்தவர்களுக்குத்தான் தோன்றும்.

ஆனால் ஃபிஷ் எல்லாருக்கும் ஒரே எட்டுக் கேள்வி. எனக்கு ஓடவேண்டிய அவசியம் இல்லை. காலேஜ் படிக்கிற தம்பிக்கு ஓடறதுதான் முக்கியம். அதனால வேலூர்க்காரர்களே இன்னொரு முறையையும் ஹீமோபிலியாவில் பயன்படுத்திப் பார்த்து 2011-இல் மருத்துவ இதழில் எழுதினாங்க. அது கனடாவில் உருவான முறை. எது உனக்கு முக்கியம், அதை இப்போ எவ்வளவு நல்லா செய்யறே, அதில் உனக்கு எவ்வளவு திருப்தி என்று நோயாளியையே கேட்டு எண் போடச் சொல்வது.

மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்லித்தர வந்தது அதைத்தான். 1968-இல் அமெரிக்காவில் தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் என்ற இரண்டு பேர் மனநலச் சேவைக்காக உருவாக்கியது. தமிழில் 'இலக்கு எட்டும் அளவுகோல்' என்று சொல்லலாம். பிறகு முதியோர் மருத்துவம், மறுவாழ்வு சிகிச்சை என்று பல இடங்களுக்குப் பரவி, ஹீமோபிலியாவுக்கென்றே 'கோல்-ஹெம்' என்ற பெயரில் தனி வடிவமும் வந்திருக்கிறது. அதில் நம்மைப்போன்றவர்கள் வழக்கமாகச் சொல்கிற இலக்குகளைப் பட்டியலாகத் தந்துவிடுவார்கள். நமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து நம்ம வார்த்தையில் மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்து படி ஏணி

முறை ரொம்ப எளிது. ஒரு ஏணியை நினைச்சுக்குங்க. ஐந்து படி. நடுப்படி பூஜ்யம். அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் நியாயமாக எதிர்பார்க்கிற நிலை. அதுக்கு மேலே +1, +2. கீழே −1, −2. இப்போ இருக்கிற நிலை பெரும்பாலும் −1-இல் இருக்கும். இதைவிட மோசமானால் −2.

டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் நானும் உட்கார்ந்து மூணு மாசத்துக்கு எழுதிய முதல் இலக்கை அப்படியே சொல்றேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கடை வரைக்கும் முக்கால் கிலோமீட்டர். அதை நடந்து கடப்பது.

−2: நடக்கவே முடியாது, வண்டியில்தான் போகணும்.
−1: மூன்று இடத்தில் நின்று நின்று போவது (அன்றைய நிலை).
0: ஒரே இடத்தில் நின்று, கால் மணி நேரத்தில் போய்ச்சேருவது.
+1: எங்கேயும் நிற்காமல் போவது.
+2: நடந்தே போய் நடந்தே திரும்பி, மறுநாள் காலையில் முட்டி வீங்காமல் இருப்பது.

இரண்டாவது இலக்கு, வாரத்தில் எத்தனை நாள் பொண்ணை நானே வண்டியில் பள்ளிக்கூடம் கொண்டுவிடுகிறேன் என்பது. அப்போ வாரத்தில் ஒரு நாள். எதிர்பார்ப்பு மூன்று நாள். மூன்றாவது, போர்வெல் பக்கத்தில் ஐந்து நிமிஷம் குந்தி உட்கார்ந்து வேலை பார்ப்பது.

"முட்டி நல்லா ஆகணும்" என்று நான் எழுதவே இல்லை, கவனிச்சீங்களா? அது ஆசை. இலக்கு என்றால் இன்னொருத்தர் பார்த்து "ஆமாம், நடந்தது" அல்லது "இல்லை" என்று சொல்லக்கூடியதாக இருக்கணும். எந்த இடம், எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்று எண்ணக்கூடியதாக இருக்கணும். எப்போ பார்ப்போம் என்று தேதி இருக்கணும். எல்லாத்துக்கும் மேலே, அது உங்களுக்கு முக்கியமானதாக இருக்கணும். டாக்டருக்காக எழுதக்கூடாது.

மூன்று மாசத்துக்கு அப்புறம்

மூணு மாசம் முறைப்படி ஃபாக்டர் போட்டுக்கிட்டேன். வாரம் தவறாமல் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தேன். பிறகு ஏணியைப் பார்த்தோம். நடப்பதில் நிற்காமல் கடைக்குப் போயிட்டேன், +1. பள்ளிக்கூடம் வாரம் மூன்று நாள், பூஜ்யம், அதாவது எதிர்பார்த்தபடி. குந்துவது? அசையவே இல்லை. −1.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. எல்லா இலக்கும் எதிர்பார்த்த இடத்துக்கு வந்தால் 50 வரும்படி அமைத்திருக்காங்க. மூன்றும் −1-இல் இருந்தபோது எனக்கு 36. மூணு மாசத்தில் 50. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் 50-ஐ மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தால் நாம பழைய தப்பையே செய்திருப்போம். ஒரு இலக்கு எதிர்பார்த்ததைத் தாண்டியதும் இன்னொன்று நகராததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வந்த 50 அது. கூட்டுத்தொகை மறைக்கும். தனித்தனியாகப் பார்க்கணும்.

பிசியோதெரபிஸ்ட் முட்டியை அளந்து பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னாங்க. "அண்ணா, இது கசிவுப் பிரச்சினை இல்லை. மூட்டு பல வருஷமா இறுகிப்போயிருக்கு. ஃபாக்டரை இன்னும் கூட்டினாலும் குந்த வராது. கட்டாயப்படுத்தினா புதுசா கசியும்." அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. ஆனால் அந்த −1 இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ரெண்டு வருஷம் வீம்புக்குக் குந்திப் பார்த்து முட்டியை முழுசா கெடுத்திருப்பேன். இலக்கை மாற்றினோம். குந்துவதற்குப் பதிலாக, உயரமான முக்காலியில் உட்கார்ந்து இருபது நிமிஷம் வேலை. கடையில் தரையில் வெச்சிருந்த காயில் மேடையை இடுப்பு உயரத்துக்கு ஏத்திட்டேன். செலவு ரெண்டு கொத்தனார் கூலிதான். பிறகு அந்த இலக்கும் எட்டியது.

அதனால −1 வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. அது நமக்குப் போடுகிற ஃபெயில் மார்க் இல்லை. எந்த இடத்தில் வழி மாற்றணும் என்று காட்டுகிற கைகாட்டி. அதே மாதிரி, என் எண்ணையும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் ஒப்பிடவும் கூடாது. அவர் ஏணி வேறே. மார்க் நிறைய வரணும் என்று லேசான இலக்காகப் போட்டுக்கொண்டால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். அதனாலதான் டாக்டரோடு சேர்ந்து எழுதணும் என்கிறேன்.

அம்மா இலக்கும் பையன் இலக்கும்

வில்லியனூர் பக்கத்தில் ஒரு அம்மா சொன்னாங்க: "அண்ணா, என் இலக்கு ஒண்ணுதான். அவன் எங்கேயும் விழக்கூடாது." பையனுக்குப் பதினொரு வயசு. அவனைத் தனியாகக் கேட்டேன். "தேரோட்டத்துக்குப் பசங்களோட போகணும் மாமா. அம்மா விடமாட்டாங்க" என்றான்.

ரெண்டும் ஒரே சிகிச்சையைப் பற்றிய இலக்குதான், ஆனால் எதிரெதிரா நிக்குது. அவர்கள் ரெண்டு ஏணியையும் எழுதி டாக்டரிடம் காட்டினாங்க. அவர் தடுப்பு ஊசி அட்டவணையைப் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் ஒரு டோஸ் தேர் அன்று காலையில் விழும்படி மாற்றிக்கொடுத்தார். எட்டாவது ஃபாக்டர் சாதாரண வகை உடம்பில் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால அலைச்சல் அதிகமான நாளுக்கு முன்னாடி போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். எந்த நாளை எப்படி மாற்றுவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும், நாமே மாற்றக்கூடாது. பையன் கூட்டத்தின் ஓரத்தில் மாமாவோடு நின்று தேர் பார்த்தான். வடம் பிடிக்கவில்லை. அவனுக்கு அது +1, அம்மாவுக்கு 0 என்றார்கள். ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

இதோடு பெண்களைப் பற்றியும் ஒன்று. எனக்கு இருக்கிற ஒரே பொண்ணு நிச்சயமாக இந்த மரபணுவைச் சுமப்பாள். ஹீமோபிலியா உள்ள அப்பாவின் எல்லா மகள்களும் சுமப்பவர்கள்தான். மகன்களுக்கு அப்பா வழியில் வராது. சுமக்கிற பெண்களில் சிலருக்கு ஃபாக்டர் அளவும் குறைவாக இருக்கும். மாதவிடாயில் அதிகப் போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம் என்று வரும். பொண்ணுக்கு ஃபாக்டர் அளவைப் பரிசோதித்து வைப்பதை நான் இந்த வருஷ இலக்காக எழுதியிருக்கேன். கல்யாணம், பிரசவம் என்று வரும்போது தேடி ஓடக்கூடாது பாருங்க.

கையில் இருக்கிற போனை வைத்து என்ன செய்யலாம்?

வந்திருக்கிற பாதி பேர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கு. அதுக்கு ஆறு வேலை சொல்றேன்.

ஒன்று: கசிவு வந்த தேதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட் போட்டது என்று அன்றன்றே குறிப்பில் எழுதுங்க. எழுத வராதவங்க குரலில் பதிவு பண்ணுங்க.

இரண்டு: போட்ட ஒவ்வொரு ஃபாக்டர் பாட்டில் லேபிளையும் படம் எடுங்க. பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் தெரியணும். வீட்டில் வைப்பதாக இருந்தால் லேபிளில் உள்ளபடி, பொதுவாக 2 முதல் 8 டிகிரி குளிரில், ஃபிரிட்ஜ் தட்டில் வைக்கணும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

மூன்று: மாசம் ஒரு தடவை ஒரே இடத்தில் நடப்பது, படி ஏறுவது, உட்கார்ந்து எழுவது மூன்றையும் அரை நிமிஷ வீடியோ எடுங்க. ஏணியில் எந்தப் படி என்று டாக்டருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நான்கு: மூன்று இலக்கை எழுதி, அந்தத் தாளையே போன் முகப்புப் படமாக வையுங்க. மறக்காது.

ஐந்து: லாக் திரையில் தெரிகிற அவசரத் தகவலில், எந்த வகை, எவ்வளவு தீவிரம், ரத்த வகை, இன்ஹிபிட்டர் உண்டா இல்லையா, சிகிச்சை மையத்தின் எண் எல்லாம் போட்டு வையுங்க. இன்ஹிபிட்டர் என்றால் நாம போடுகிற ஃபாக்டரையே உடம்பு எதிர்த்து அழிக்கிற எதிர்ப்பொருள். அது இருந்தால் மருந்தே மாறும். விபத்து நேரத்தில் 108 ஆட்களுக்கும் டாக்டருக்கும் இந்தத் தகவல் உயிர் காக்கும்.

ஆறு: மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்க. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடுகிற 21 குறைபாடுகளில் ஹீமோபிலியாவும் ஒன்று. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் கார்டு இணையதளத்தில் போனிலேயே பதிவு செய்யலாம். ஆதார், போட்டோ, ஃபாக்டர் பரிசோதனை அறிக்கை, சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தயாராக வையுங்க. பிறகு மருத்துவக் குழு கூப்பிடும் நாளில் நேரில் போகணும். அங்கேயும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வராதீங்க. எது முடியுது, எது முடியலை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. உங்க ஏணித் தாள் அங்கேயும் கைகொடுக்கும்.

இலக்கு எதுவானாலும் மாறாத விஷயங்கள்

தலையில் அடி, கழுத்து வீக்கம், வயிற்றுவலி இதெல்லாம் வந்தால் ஏணி, டைரி எதுவும் பார்க்க வேண்டாம். உடனே மருத்துவமனை. முதலில் ஃபாக்டர், அப்புறம்தான் ஸ்கேன். தலையில் அடிபட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று ராத்திரி முழுக்க காத்திருக்கக்கூடாது. வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடக்கூடாது, பாராசிட்டமால் மட்டும். தசையில் ஊசி வேண்டாம். பல் பிடுங்குவது உட்பட எந்த அறுவைக்கும் முன்னாடி ஃபாக்டர் ஏற்பாடு செய்யணும்.

மருந்துகள் மாறிக்கிட்டே இருக்கு. ஏ வகைக்குத் தோலுக்கடியில் போடுகிற எமிசிசுமாப் வந்தாச்சு. வாரத்துக்கு ஒன்று, ரெண்டு வாரத்துக்கு ஒன்று, நாலு வாரத்துக்கு ஒன்று என்று போடலாம். வேலூரில் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் பலனை 2024 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டிருக்காங்க. இதெல்லாம் வளர வளர, "கசிவு எத்தனை?" என்ற கேள்விக்கு நிறைய பேர் பூஜ்யம் என்றுதான் பதில் சொல்வாங்க. அப்போ "அந்தப் பூஜ்யத்தை வெச்சு நீ என்ன செய்யறே?" என்ற கேள்விதான் மிச்சம் இருக்கும். அதுக்கு இப்பவே பதில் எழுதிப் பழகுவோம்.

கோரிமேடு ஜிப்மருக்கோ வேற எந்த மையத்துக்கோ அடுத்த தடவை போகும்போது, பஸ்ஸில் உட்கார்ந்தே மூன்று வரி எழுதிக்குங்க. எனக்கு என்ன வேணும், இப்போ எந்தப் படியில் இருக்கேன், எப்போதுக்குள் எந்தப் படிக்குப் போகணும். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்றதுக்கு முன்னாடி அந்தச் சீட்டை நீட்டுங்க.

நாளைக்குக் காலையில எட்டரைக்கு நான் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடணும். இப்போ வாரத்துல நாலு நாள் ஆகுது. அதனால சீக்கிரம் கிளம்பறேன்.